நாசோரின் படகுக்கு அடியில்

எனக்குச் சூரைமீன் ஒத்துக்கொள்ளாது. தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் என் வயிற்றுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பருவத்தில் எங்கள் கொமோரோத் தீவுப் படகுகள் வெறுமையாகத் திரும்பின. மீன் இருந்தது. மேற்கே, ஆப்பிரிக்கக் கரைக்கும் எங்களுக்கும் நடுவே, கண்ணுக்கெட்டாத அகலத்துக்குக் கடல் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே அகப்பட்டதை அது லேசில் விடாது. விளிம்பில் பொடிமீன் சேரும், அதன் பின்னால் சூரை வரும். ஆனால் கடலில் விளிம்புக்குக் கோடா போட்டிருக்கிறது? இன்று கண்ட இடம் நாளை நகர்ந்திருக்கும்.

என் தங்கை எஷாத்தியின் கணவன் நாசோர், எஞ்சின் பழுதாகி அந்தச் சுழலில் மாட்டியிருந்தான். அவன் படகின் நிழலில் சூரை மொய்த்துக் கிடந்தது. என் படகு நிறைந்தது.

"கயிறப் போடு மச்சான்."

"பாரம் ஏறிடுச்சு. இழுத்தா ரெண்டு பேரும் முழுகுவோம். நாளைக்கு வரேன்."

அன்று அது உண்மைதான். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவன் சட்டையைக் கழற்றி ஆட்டியதால் இடம் தெரிந்தது. மீன் இன்னும் கூடியிருந்தது.

"என்னய தூண்டில்ல மாட்டி வச்சிருக்கியா மச்சான்?" என்று சிரித்தான்.

அவனை ஏற்றிக்கொண்டு வெறும் படகை மிதக்க விட்டிருக்கலாமே என்பீர்கள். மழைநீர் ஏறினால் முழுகிவிடும். இறைக்க ஆள் வேண்டும்.

பிறகு அவன் சிரிக்கவில்லை. என் படகில் தாவப் பார்த்தான். துடுப்பால் தள்ளி நிறுத்தினேன். அடிக்கவில்லை. வேகவைத்த மரவள்ளியை எறிந்தேன்.

ஊரில் அடுப்புகள் புகைந்தன. கல்யாண விருந்துகள்கூட நடந்தன. தேடப் போனவர்களைக் கிழக்கே அனுப்பினேன்.

"அண்ணே, அவரு தென்பட்டாரா?" என்று எஷாத்தி கேட்பாள்.

"கடல் பெருசும்மா. தேடிக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் தட்டிலும் நான்தான் மீன் வைத்தேன்.

ஒருநாள் சட்டை ஆடவில்லை. பறவைகளைப் பார்த்துப் போனேன். அவன் உதட்டில் தண்ணீர் விட்டேன், வழிந்துபோனது. படகின் அடியில் பாசி நன்றாகப் பிடித்திருந்தது. மீன் விலகவில்லை. அதனால் நானும் அவனை அசைக்கவில்லை. நீரை நானே இறைத்தேன்.

சுழல் கலைந்து மீன் சிதறிய பிறகுதான் கயிறு கட்டி இழுத்துவந்தேன். படகில் என் வீட்டு மரவள்ளி மிச்சம் கிடந்ததைப் பார்த்து எஷாத்தி என் முகத்தில் துப்பினாள். துக்கத்தில் இருப்பவள், போகட்டும். ஆனால் நீங்கள் நியாயம் தெரிந்தவர்கள். இந்த ஊரில் அவனைத் தினமும் போய்ப் பார்த்துவந்தவன் என்னைத் தவிர வேறு யார்?