அகத்தியா, முருங்கையா

மயிலாப்பூர் குளத்தருகே ஏறிய இருவரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் மடியில் கீரைக்கட்டு இருந்தது.

"இன்னாண்ணே, அண்ணி முருங்கைதானே கேட்டாங்க? இது அகத்தியாச்சே!" என்றார் இளையவர்.

"முந்தாநேத்துதான் முருங்கைன்னு நெனச்சு இத வாங்கினு போய்ட்டேன். இன்னிக்கு கேட்டுத்தான் வாங்கினேன்."

"முருங்கை எலை குட்டியா, வட்டமா இருக்கும். இது நீட்டமா கீது. கசக்குமே!"

"அன்னிக்கு எனக்கு இன்னா தெரியும்? எப்பவும் அவதான சமைப்பா. காய்ச்சல் வந்து ஒரு மாசமா அவளுக்கு ருசியே தெரியலப்பா. எது குடுத்தாலும் மண்ணு மாதிரி கீதுன்னு தள்ளிடுவா. இத ஒரு வாய் வச்சதும், 'ஐயே, கசக்குதுய்யா'ன்னா."

"திட்டுனாங்களா?"

"மொதல்ல அழுதா. அப்பால திட்டிக்கினே தட்டைக் காலி பண்ணிட்டா."