ரெமிஜியஸின் கைக்கு ஏற்ற நிப்பு

பேனா வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், பிறகு நிறத்தைக் கேட்பார்கள். தன் கைக்கு எந்த நிப்பு பொருந்தும் என்று கேட்ட ஆளை இந்த மயிலாடுதுறையில் நான் பார்த்ததில்லை. அழுத்தி எழுதுகிறவனுக்கு விறைப்பான நிப்பு வேண்டும். பொடியாக எழுதுகிறவனிடம் பட்டை நிப்பைக் கொடுத்தால் எழுத்தெல்லாம் மையில் அடைத்துக்கொள்ளும். இதுகூடத் தெரியாமல் எம்.ஏ. வரை படித்துவிடுகிறார்கள். சார், நீங்களும் என் வாக்குமூலத்தை பால்பாயிண்ட் பேனாவில்தான் எழுதுகிறீர்கள். பரவாயில்லை, எழுதுங்கள்.

ரெமிஜியஸ் ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு துபாய் கிளம்பியபோது, அவனுக்கு நிச்சயமாகியிருந்த ஜாஸ்லின்தான் அவனை என் கடைக்குக் கூட்டி வந்தாள். தை மாதம் கல்யாணம். அதுவரை கடிதம் எழுத நல்ல மைப் பேனா ஒன்று வேண்டுமாம். அவன் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். இடது பக்கம் சாயும், ஒவ்வொரு சுழிப்பிலும் குத்தி நிற்கும். அப்படிப்பட்ட கையையும் நான் அலட்சியம் செய்யவில்லை. உட்காரவைத்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னேன். நிப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒன்றின் முனையைப் பொடி உப்புத்தாளில் தேய்த்து அவன் சாய்வுக்குச் சரிப்படுத்தினேன். அதற்குள் அவன் கை எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அவனோ வாட்சைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

சில மாதங்கள் கழித்து ஜாஸ்லின் மை வாங்க வந்தாள். கையில் அவனிடமிருந்து வந்த கடிதம். எழுதியிருந்தது பால்பாயிண்டில்.

"பேனா என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"மை கசியுதுன்னு கூட வேலை பாக்குறவருக்குக் கொடுத்துட்டாராம்ண்ணே." சிரித்தாள். "எதுல எழுதினா என்னண்ணே? சேதிதானே வேணும்."

நான் கொடுத்த பேனா கசியாது. அவன் தலைகீழாகப் பையில் குத்தி வைத்திருப்பான். அந்த மூடனைவிட, அவனுக்காகச் சிரித்த அவள்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. சேதிதான் வேண்டுமென்றால் சேதியைக் கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். அவள்மேல் எனக்கு வேறு எண்ணம் எதுவும் இருந்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது, நீ காத்திருக்க வேண்டாம், மோதிரத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இவ்வளவுதான் சேதி. துபாயிலிருந்து லீவில் வருகிறவர்களிடம் சோப்பு, தைலத்தோடு கடிதத்தையும் கொடுத்தனுப்புவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். தபால்தலை இல்லையே என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாபநாசத்துக்காரர் ஒருவர் கடையில் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொல்லி, அடுத்த முறை வந்தபோது அவளிடம் நீட்டினேன்.

ஆடி மாதம், காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் ஒரு மதகடியில் அவள் உடலை எடுத்தார்கள்.

அவள் அப்பா சவரிராஜ் வீட்டில் அத்தனை பேரும் அந்தக் கடிதத்தைப் படித்தார்கள். அழுதார்களே தவிர, ஒருவரும் அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. ரெமிஜியஸ் விமானம் ஏறி வந்து கையில் வாங்கிய பிறகுதான், "நான் மேல சிலுவை போட்டுத்தான் எழுதுவேன் மாமா. இதுல பிள்ளையார் சுழியில்ல இருக்கு" என்று சொன்னானாம். உண்மைதான். பேனா தாளைத் தொட்டதும் என் கை அதைத் தானாகவே போட்டுவிடும். அதற்குக் கீழே இருந்ததில் அவனாலேயே ஒரு குறை சொல்ல முடியவில்லை. கடிதம் யார் மூலம் வந்தது என்று அவள் தன் தாயிடம் சொல்லியிருந்தாள். அதனால் நீங்கள் நேராக என்னிடம் வந்தீர்கள். எழுதியது நான்தான். அவள் சாவுக்குக் காரணமும் நான்தான். மறுக்கவில்லை.

ஒன்றை மட்டும் சவரிராஜிடம் சொல்லவில்லை. அவள் அந்தக் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மைப் பேனாவுல எழுதியிருக்காரே" என்றாள். பிறகு தாளை என்னிடம் நீட்டினாள். "இது அவரு எழுத்துதானாண்ணே? உங்களுக்குத்தான் தெரியும். நீங்க பாத்து இல்லைன்னு சொல்லுங்க, நான் இதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடறேன்."

நான் அவசரப்படவில்லை. லென்சை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். சாய்வு, அழுத்தம், சுழிப்பு எல்லாம் சரியாக விழுந்திருந்தன.

"அவன் எழுத்துதாம்மா" என்றேன்.

தாளை மடித்துக்கொண்டு, வர்றேண்ணே என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். இத்தனை வருஷத்தில் என் தொழிலை மதித்து என்னிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டவள் அவள் ஒருத்திதான் சார். அவளிடம் போய் நான் எப்படித் தப்பாகச் சொல்வேன்?