இடைவேளைக்கு அப்புறம்

அம்மா: போதும்டி, கிளம்பலாம். இதெல்லாம் ஒரு படமா?

மகள்: இப்பதானேம்மா இடைவேளை விட்டிருக்கான்...

அம்மா: மீதியை நான் சொல்றேன். ரெண்டு பாட்டு, ஒரு கல்யாணம். கையை உள்ள வை, வீல்சேரைத் திருப்பணும்.

மகள்: போன படத்துக்கும் இதையேதான் சொன்ன. அதுல கல்யாணமே இல்லையாம்.

அம்மா: யார் சொன்னா?

மகள்: முழுசாப் பார்த்தவங்க.

அம்மா: வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்.

மகள்: நாற்பத்தஞ்சு கிலோ. நாய் யோசிக்கும்.

அம்மா: சரி... நனைஞ்சிருக்கா?

மகள்: ம்.

அம்மா: அப்ப வீட்டுக்குத்தான். பத்தொன்பது வயசுப் பொண்ணை இங்க எங்க வச்சு டயப்பர் மாத்துறது?

மகள்: முன்னல்லாம் பாத்ரூம் தரையில போர்வை விரிப்ப...

அம்மா: அது அப்போ. சுவத்துல கைக்குழந்தைக்கு ஒரு பலகை மாட்டியிருப்பான். அதுல உன் தலை மட்டும்தான் அடங்கும்.

மகள்: பாத்ரூம் பக்கம் அந்தக் கடைசிக் கதவு என்னன்னு கேளேன். துடைக்கிற அக்கா நிக்கிறாங்க பாரு.

அம்மா: ஏம்மா, இது என்ன ரூமு?

துடைக்கிறவர்: பெரியவங்களைப் படுக்க வச்சு மாத்துறதுக்கும்மா. நீளக் கட்டில். பட்டனை அழுத்தினா உங்க இடுப்பு உயரத்துக்கு வரும். குழந்தைங்களுக்கும் அதுலயே மாத்தலாம். ஆளைத் தூக்கி வைக்க மிஷின் இருக்கு. வாங்க, காட்டறேன்.

மகள்: ...அய்யோ, ஊஞ்சல் மாதிரி இருக்கும்மா.

அம்மா: பேசாம தொங்கு. ...இறங்கிட்ட. காலை மடக்கு. இந்தப் பக்கம் திரும்பு... ஆச்சு.

மகள்: அதுக்குள்ளயா?

அம்மா: அட!

மகள்: என்னம்மா?

அம்மா: ஒண்ணுமில்ல. நிமிர்ந்து நின்னே மாத்திட்டேன்.

மகள்: ...ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.

அம்மா: சொல்லு. அப்புறம் பார்க்கலாம்.

மகள்: இந்தப் படம் எனக்கும் சுத்தமாப் பிடிக்கல. இங்க கட்டில் போட்டிருக்காங்கன்னு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் உன்னை இழுத்துட்டு வந்தேன். வா, வீட்டுக்கே போயிடலாம்.

அம்மா: எனக்குப் பிடிச்சிருக்குடி... எல்லாப் படமும் பிடிச்சுதான் இருந்துது. தரையிலேருந்து உன்னைத் தூக்க இடுப்பு விடல... அதான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது நொட்டை சொல்லிப் பாதியிலேயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அசையாம இரு, மிஷின் பெல்ட்டைப் போடறேன். படம் ஆரம்பிச்சிருப்பான்.