இடுப்பளவு

— இந்தப் பேன்ட்ட இதுக்கு மேல புடிக்க முடியாது அண்ணி. துணி தாங்காது.

— ஒரு விரக்கடை புடிச்சாப் போதும் தம்பி. போன தடவையும் இதேதான் சொன்னீங்க. அப்புறம் அழகா புடிச்சுக் குடுத்தீங்க.

— எங்க அழகு? இங்க பாருங்க. பின் பாக்கெட் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் கௌரவமா இருக்கணும். இது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ரகசியம் பேசுது. இன்னும் ஒரு தடவ புடிச்சேன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும். இதத் தைச்ச டைலர் யாருன்னு நாலு பேரு கேட்டா நான் தலையில துண்டப் போட்டுக்கிட்டுத்தான் போகணும்.

— பின்னாடி யாரு பாக்கப் போறா? சட்டைய வெளிய விட்டுக்கிறாரு.

— சும்மா சொல்லல அண்ணி, எத்தனையோ வருஷமா அண்ணனுக்கு நான்தான் தைக்கிறேன். ரயில் ஓட்டிக்கிட்டு இருந்த காலத்துல பேன்ட் பத்தலை, பிரிச்சு விடுன்னுதான் வருவாரு. இப்போ அவருக்குத் தெரியாம ஒவ்வொண்ணா நீங்க காய்கறிப் பைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வர்றீங்க. நானும் புடிச்சுப் புடிச்சுக் குடுக்குறேன். இது எங்க போய் முடியும்?

— அவரு பயந்துடக் கூடாது தம்பி. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவரு கூடப்பொறந்த அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? பேன்ட் நழுவுதுன்னு பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்டை போட்டாரு. அடுத்த ஓட்டை போடுறதுக்குள்ள ஆளே இல்ல. அன்னிலேர்ந்து இவரு காலையில எழுந்ததும் முதல் வேலையா பேன்ட்ட மாட்டி இடுப்புல விரல விட்டுப் பாக்குறாரு. விரல் போகலைன்னாத்தான் முகத்துல களை வருது.

— அப்போ இவருக்கும் அந்த மாதிரி ஏதாவது...

— வாயக் கழுவுங்க. ரத்தம், ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு. ஒரு வியாதியும் கிடையாது. சாப்பிட மாட்டேங்குறாரு, அதான் வியாதி. வயசானா நிறைய பேருக்கு இப்படி ஆகுமாம். நான் சொல்றதக் கேளுங்க. வயிறு காலியானா, பசிக்குதுன்னு மூளைக்குச் சொல்ல ஒரு ஹார்மோன் இருக்காம். இவருக்கு அது சுரத்தே இல்லாம முனகுதாம். போதும் போதும்னு சொல்ற ஹார்மோன் மட்டும், நாலு வாய் சாப்பிட்டதும் ஓடி வந்து குந்திக்குதாம். லேசுல எழுந்து போக மாட்டேங்குதாம். டாக்டரம்மா சொன்னாங்க.

— வேண்டாத விருந்தாளி மாதிரி.

— அதேதான். பசிக்குக் காத்திருக்காதீங்க, மணியப் பாத்து சாப்பிடுங்க, கொஞ்சம் கொஞ்சமா, முட்டை, பாலுன்னு சத்தா சாப்பிடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. இவரு கேட்டாத்தானே? எடை குறைஞ்சிருக்குன்னு காட்டினா, டாக்டரம்மா வீட்டு மெஷினுக்கு ஸ்பிரிங் போயிடுச்சுங்குறாரு. "என் பேன்ட்டு எனக்கு அப்படியே இருக்கு, நான் எங்க இளைச்சேன்?"னு அவங்களையே மடக்குறாரு.

— ஏன் மடக்க மாட்டாரு? பொய்ச்சாட்சி தைச்சுக் குடுக்க நான் ஒருத்தன் இருக்கேனே. நாம பயத்த மறைக்கிறோம்னு நினைச்சு அவரு சோத்துல மண்ணப் போடுறோம் அண்ணி.

— அப்படிச் சொல்லாதீங்க தம்பி. ராத்திரி அவரு தூங்கினதுக்கு அப்புறம் அந்தத் தோள்பட்டையத் தொட்டுப் பாக்குறேன். எலும்புதான் கைக்கு வருது. எனக்கு மட்டும் பயம் இல்லையா?

— சரி, அழாதீங்க. இன்னிக்கே உண்மையச் சொல்லிடுவோம். நானும் கூட வர்றேன். நல்ல நேரமா பாத்து... அண்ணி, தெருமுனையில வர்றது யாரு பாருங்க.

— போச்சு. அவருதான். பேப்பர் வாங்கப் போறேன்னாரே. இந்தப் பேன்ட்டும் கையுமா என்னப் பாத்தா தொலைஞ்சேன்.

— அந்தத் திரைக்குப் பின்னாடி போங்க, துணி மாத்துற இடம். பேன்ட்டையும் எடுத்துக்குங்க. தும்மிடாதீங்க, உள்ள ஒரே தூசி.

— டைலரே, இருக்கியா?

— வாங்க டிரைவர் அண்ணே. என்ன திடீர்னு?

— ஒரு சந்தேகம். பேப்பர் கடையில பர்ஸ எடுக்க வலது கையப் பின்னாடி விட்டேன். கைக்குட்டைய எடுக்க இடது கைய விட்டேன். ரெண்டு கையும் பின்னாடி சந்திச்சு சௌக்கியம் விசாரிச்சுக்கிச்சு. ரெண்டு தண்டவாளம் கிட்ட கிட்ட வரக் கூடாது டைலரே. ரூல்னா ரூல்.

— அது... இப்போ அப்படித்தான் ஃபேஷன் அண்ணே.

— நான் வேலையில இருந்தப்போ நீ தைச்ச பேன்ட்டு இது. பீரோவுல மடிச்சு வெச்சிருந்தப்பவே ஃபேஷன் மாறிக்கிச்சா? டேப்ப எடு. இடுப்ப அள.

— எதுக்கண்ணே இப்போ? போய் சாப்பிட்டுட்டு வாங்க, சாயங்காலம் நிதானமா அளக்கலாம்.

— பசிச்சா சாப்பிட்டுக்குறேன். நீ எடுக்கலைன்னா எதிர்க்கடைக்குப் போறேன்.

— அவன்கிட்டயா? அவன் சுவத்தையே கோணலா அளக்குறவன். சரி, நில்லுங்க. மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க. வயித்த முன்னாடி தள்ளாதீங்க.

— என்ன சொல்லுது?

— முப்பத்தொண்ணு.

— என் அளவு முப்பத்தாறு.

— அது அப்போ அண்ணே.

— அஞ்சு இஞ்சு எங்க போச்சு?

— உக்காருங்க. முகமெல்லாம் வேர்க்குது. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— எங்கண்ணனுக்கும் இப்படித்தான் தம்பி. மொதல்ல இடுப்பு போச்சு. அப்புறம் கன்னம். அப்புறம் கட்டில விட்டு எழுந்திரிக்கல. எனக்குப் பயமா இருக்கு, உன்கிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம்?

— அண்ணே, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல...

— எனக்கு ஒரு உதவி பண்ணு. நாளைக்கு என் சட்டையெல்லாம் கொண்டு வர்றேன். எல்லாத்தையும் ஓரத்துல கொஞ்சம் புடிச்சுக் குடுத்துடு. தொளதொளன்னு இருந்தா வீட்டுல அவ கண்டுபுடிச்சுடுவா. அவ தாங்க மாட்டா.

— ஹச்.

— உள்ள யாரு?

— நான்தாங்க.

— நீ இங்க என்ன பண்ற? கையில என்ன அது? என் பேன்ட்டா?

— திட்டுறதா இருந்தா வீட்டுல வெச்சுத் திட்டுங்க. இப்போ நான் சொல்றதக் கேளுங்க. உங்க அண்ணனுக்கு வந்தது உங்களுக்கு வரல. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. நீங்களும்தானே பக்கத்துல உக்காந்து கேட்டீங்க? நீங்க பயப்படக் கூடாதுன்னு நான்தான் ஒவ்வொரு பேன்ட்டா கொண்டு வந்து புடிச்சேன்.

— நானும் கூட்டுக் களவாணிதான் அண்ணே.

— ஊரு ஜனத்தையே பத்திரமா கொண்டு போய் எறக்கினவன். என்னைய ஒரு நூல்கண்ட வெச்சு ரெண்டு பேரும் கவுத்துட்டீங்க. ஒண்ணும் இல்லைன்னா அந்த அஞ்சு இஞ்சு எங்கடி போச்சு?

— எங்க போகும்? காலையில அரை டம்ளர் காபி. மத்தியானம் நாலு வாய். ராத்திரி கேட்டா "பசிக்கல". உடம்பு என்ன காத்தக் குடிச்சா இருக்கும்?

— பசிக்காம எப்படிச் சாப்பிடுறது? சிக்னல் விழாம ஒரு அடி வண்டிய நகத்தினவன் இல்ல நான். வயித்துலேர்ந்து சிக்னல் வரட்டும், சாப்பிடுறேன். ரூல்னா ரூல்.

— அண்ணே, தெரியாமத்தான் கேக்குறேன். அந்தச் சிக்னல் கம்பமே கெட்டுப் போச்சுன்னு வெச்சுக்குங்க. விளக்கு எரியுற வரைக்கும் ஜனங்கள வெச்சுக்கிட்டு அங்கேயே நிப்பீங்களா?

— அதெப்படி நிக்குறது? ஸ்டேஷன் மாஸ்டர் கையால ஒரு சீட்டு எழுதிக் குடுப்பாரு. அத வாங்கிக்கிட்டு மெதுவா ஓட்டிட்டுப் போக வேண்டியதுதான். அதுக்கும் ரூல் இருக்கு.

— அப்போ உங்க வயித்துல விளக்கு மங்கிப் போச்சு. அண்ணி தட்டு வைக்கிறாங்க இல்ல, அதுதான் சீட்டு. கைய நீட்டி வாங்குங்க, மெதுவா ஓட்டுங்க.

— என்னங்க, தம்பி சொல்றது சரிதானே?

— அந்த டாக்டரம்மா அவ்வளவு நேரம் பேசினதுக்கு இத ஒரு வரியில சொல்லியிருக்கலாம். சரி. சீட்டக் குடு, வாங்கிக்குறேன். ஆனா சீட்டு குடுக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் முறைக்கக் கூடாது.

— முறைக்க மாட்டேன். கூட ஒரு முட்டை வைப்பேன்.

— வை. டைலரே, நீ அந்தப் பேன்ட்டுங்கள எல்லாம் பிரிச்சு விடு. தொளதொளன்னு இருக்கட்டும். என் உடம்பு என்ன நிலைமையில இருக்குன்னு எனக்குத் தெரியணும். பயமா இருந்தா பயந்துக்கிட்டே சாப்பிடுறேன்.

— சும்மா சொல்லல அண்ணே, இன்னிக்குத்தான் நெஞ்சுல இருந்த பாரம் இறங்குச்சு.

— அது இறங்கட்டும். மத்தியானம் தாண்டிடுச்சு, நீ சாப்பிட்டியா?

— எங்க? தையல்ல உக்காந்துட்டா பசியே தெரியறதில்ல. ஆனா என் கதை வேற அண்ணே. இந்தச் சட்டையப் பாருங்க, என் பொண்ணு காலேஜ் சேந்தப்போ தைச்சது. இப்போ அவளுக்கே ஒரு பொண்ணு. இன்னும் உடம்புல ஊத்தி வெச்ச மாதிரி இருக்கு. ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

— குடுத்து வெச்ச உடம்புய்யா உனக்கு. ஏய், நீ எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட?

— ஒண்ணும் இல்ல. வாங்க, வீட்டுக்குப் போலாம். முட்டை வேக வைக்கணும்.

— இரு இரு. உனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. பேன்ட்டப் புடிச்சு ஆள ஏமாத்துற வித்தை உனக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரு சொல்லிக் குடுத்தா?

— விடுங்களேன், அது எதுக்கு இப்போ?

— சொல்லுங்க அண்ணி, நானும் கேக்கணும்னுதான் இருந்தேன். இது தொழில் தெரிஞ்ச ஆளு சொன்ன யோசனை.

— உங்க வீட்டுக்காரிதான் தம்பி. உங்க சட்டைய அவ ரெண்டு தடவ புடிச்சுட்டாளாம். "டைலர் கண்ணுக்கே தெரியல, உங்க வீட்டுக்காரருக்கு எங்க தெரியப் போகுது?"ன்னா.