சந்தனம் பூசிய அலாரம்

அமைதிக்கு விலை கிடையாது என்று சொல்பவர்கள் மந்தைவெளியில் அறை தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் முதியோர் இல்லத்தில் அதன் விலை மாதம் ஆறாயிரம் ரூபாய். ரோட்டைப் பார்த்த அறை நாற்பத்திரண்டாயிரம், பின்பக்கத்து அறை நாற்பத்தெட்டு. அதே கட்டில், அதே சாம்பார். பஸ் ஹாரன் கேட்காது, அவ்வளவுதான். பத்து வருடத்தில் ஒருவர்கூட அந்த ஆறாயிரத்தைக் குறைத்துக் கேட்டதில்லை இன்ஸ்பெக்டர் மேடம். டீ சொன்னதற்கு நன்றி. சர்க்கரை கம்மியாக இருக்கட்டும்.

நீங்கள் நீட்டிய தாளைப் படித்துப் பார்த்தேன். "இல்ல உரிமையாளர் பொன்ராஜின் கவனக்குறைவால்" என்று தொடங்குகிறது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன். தி. நகரில் அப்பாவின் ஜவுளிக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்தை வைத்தே இவர் வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று சொல்லிவிடுவேன். என்னை எதுவேண்டுமானாலும் சொல்லுங்கள், கவனம் குறைந்தவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

அலாரம் பேனலிலிருந்து தொடங்குகிறேன். ஜெனரேட்டர் பின்பக்கத்து ஷெட்டில் இருக்கிறது. அதற்கு ஏதாவது கோளாறு என்றால் மாடியில் நர்ஸ் மேசைக்கு மேல் இருக்கும் சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். டீசல் குறைந்தால் கத்தும். பேட்டரி இறங்கினால் கத்தும். ஜெனரேட்டரின் சாவி 'ஆட்டோ'வில் இல்லாமல் 'ஆஃப்'பில் இருந்தாலும் கத்தும், ஏனென்றால் அப்போது கரண்ட் போனால் அது தானாக ஓடாது. சனிக்கிழமைதோறும் ஓட்டிப் பார்த்து, பஸ்ஸரையும் கத்தவிட்டுப் பார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் போன மாசியில், அடையாறிலிருந்து ஸ்ரீஹரி என்று ஒரு பையன் தன் அம்மாவுக்கு அறை பார்க்க வந்தான். பின்பக்கத்து அறையில் நின்று "ரொம்ப அமைதியா இருக்கு சார்" என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, பேட்டரி இறங்கிவிட்டதென்று பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. பையன் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனவன் திரும்பி வரவேயில்லை. அன்றைக்கே எலெக்ட்ரீஷியன் கோதண்டபாணியைக் கூப்பிட்டேன்.

"பேட்டரிய மாத்திட்டேன் அண்ணாச்சி, இனிமே கத்தாது" என்றான்.

"எப்பவுமே கத்தாத மாதிரி பண்ணு."

"இன்னா அண்ணாச்சி, வெளையாடுறியா? இது கத்தலன்னா ஷெட்ல இன்னா நடக்குதுன்னு எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சா போதும்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒயரைப் பிடுங்கினான். ஒரு சாண் நீளம் இருக்கும். அதற்குப் பிறகு கோளாறு என்றால் விளக்கு மட்டும் எரியும். அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

ஒருவரைத் தவிர. ஃப்ளோரன்ஸ் டீச்சர், இரண்டாம் மாடி, பின்பக்கத்து அறை. சாந்தோமில் முப்பத்துநான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எழுபத்தெட்டு வயது. நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷினின் குழாய் எப்போதும் மூக்கில் இருக்கும். கரண்ட் போனால் மெஷினின் பேட்டரி இருபது நிமிடம் தாங்கும். அதற்கு மேல் ஜெனரேட்டர்தான் அவருக்கு மூச்சு. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இல்லத்தில் எல்லோரும் என்னை அண்ணாச்சி என்பார்கள். அவர் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

"பொன்ராஜ், நாலு சனிக்கிழமையா உன் பெட்டி சத்தம் போடலையே?"

"ரிப்பேர் டீச்சர். ஆளுக்குச் சொல்லியிருக்கேன்."

"ரிப்பேரான பெட்டிக்கு 'சரி'ன்னு எப்படிக் கையெழுத்துப் போட்ட?"

ரிஜிஸ்டரை எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். சனிக்கிழமைகளுக்குத் தேதி போட்டு, எதிரில் 'சத்தம் இல்லை' என்று எழுதி வந்தார். நான் வியாபாரி. ஒருவர் குறை சொன்னால் அவர் விலை கேட்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

"பின்பக்க ரூமுக்கு வாங்குற ஆறாயிரத்த இனிமே நீங்க தர வேண்டாம் டீச்சர்."

"எனக்கெதுக்குத் தள்ளுபடி? ஒயரை மாட்டு."

"வேற ஏதாச்சும் கேளுங்க."

"ஒயரை மாட்டு."

ஏழு மாதம் இதே பேச்சு. பட்டுப்புடவைக்கு வந்தவர்களிடம் நாலு மணி நேரம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். கடைசியில் அவர்களும் ஒரு படி இறங்குவார்கள், நானும் ஒரு படி இறங்குவேன். இந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். செப்டம்பர் கடைசியில் கூப்பிட்டனுப்பினார். லைசென்ஸ் ஆபீசுக்குக் கடிதம் எழுதிவிட்டாராம், வருகிற திங்கள் அல்ல, அடுத்த திங்கள் ஆய்வுக்கு வருகிறார்களாம்.

"அதுக்குள்ள மாட்டிடு பொன்ராஜ். மாட்டிட்டா சரியாயிடுச்சுன்னு நானே சொல்லிடறேன். உன்னைக் காட்டிக்கொடுக்கணும்னு எனக்கு ஆசையில்ல."

மாட்டியிருக்கலாம். பத்து நிமிட வேலை, செலவும் கிடையாது. நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். ஆனால் எதிரில் நிற்பவர் சொன்ன விலைக்கே சரக்கைத் தூக்கிக் கொடுத்தவனை எங்கள் தெருவில் வியாபாரி என்று சொல்ல மாட்டார்கள். அவர் ஒரு படி இறங்கியிருந்தால் நானும் இறங்கியிருப்பேன்.

அந்த வாரம் புதன்கிழமை ஆயுத பூஜை. கடையில் என்ன வழக்கமோ அதுதான் இல்லத்திலும். பூஜை போட்ட தராசை, கல்லாவை, மெஷினை மறுநாள் வரை தொட மாட்டோம். ஜெனரேட்டருக்கும் மாலை உண்டு. அது தானாக ஓடி மாலையைச் சுருட்டிக்கொள்ளக் கூடாதென்று சாவியை 'ஆஃப்'பில் வைத்துக் கழற்றிவிடுவோம். முன்பெல்லாம் அப்படி வைத்தால் பஸ்ஸர் விடாமல் கத்தும். அந்தச் சத்தம் பொறுக்காமல் விஜயதசமி விடிந்ததும் விடியாததுமாகச் சாவியைத் திருப்பிவிடுவோம். இந்த வருடம் சத்தம் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. பேனலுக்குச் சந்தனம் பூசி நானே குங்குமம் வைத்தேன். விளக்கின் மேல் கொஞ்சம் கெட்டியாகவே பூசினேன்.

வியாழக்கிழமை காலை கோதண்டபாணி சாவி கேட்டான்.

"நான் திருப்பிக்கிறேன். நீ ஆதம்பாக்கத்துல தங்கச்சி வூட்டுக்குப் போகணும்னியே, போய்ட்டு சனிக்கிழமை வா."

"மறந்துடாத அண்ணாச்சி. மேல டீச்சர் கீது."

மறக்கவில்லை. அன்று மத்தியானம் மின்வாரியத்திலிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது: நாளை ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை பராமரிப்புக்காக மின்தடை. சாதாரணமாக முந்தின நாள் பேப்பரில் வந்துவிடும், டீச்சர் முதல் ஆளாகப் படித்துவிட்டு எல்லோருக்கும் சொல்லுவார். ஆயுத பூஜைக்கு மறுநாள் பேப்பர் வராது. ஆக, இல்லத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை அன்று சாயங்காலம் நிரப்ப அனுப்பினேன். அது பாதிக்கு மேல் இருந்தது. இருந்தாலும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது நாலுக்குக் கரண்ட் போனது. நான் ஷெட் வாசலில் நின்றேன், சாவி சட்டைப் பையில். நர்ஸ் டீனா ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, ஜெனரேட்டர் ஏன் ஓடல? டீச்சர் மெஷின் பேட்டரியில போகுது."

"சாவியத் தேடிக்கிட்டுத்தாம்மா இருக்கேன். நீ பெரிய சிலிண்டரை மேல ஏத்து."

லிப்ட் இல்லாமல் அதை இரண்டு மாடி ஏற்றுவது லேசான காரியம் இல்லை. டீனாவும் வாட்ச்மேன் காதரும் படிப்படியாகத் தூக்கினார்கள். டைல்ஸ் உடையப்போகிறது, மெதுவா தூக்குங்கப்பா என்று கீழேயிருந்து குரல் கொடுத்தேன். எனக்கு அந்த டைல்ஸ் மேல் அக்கறை உண்டு.

டீச்சரின் ஜன்னல் ஷெட்டுக்கு நேர் மேலே. இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அவரைக் கொல்ல நிற்கவில்லை. அவர் கூப்பிடுவார் என்று நின்றேன். "பொன்ராஜ், சாவியைத் திருப்புப்பா, ஒயர் விஷயத்தைப் பிறகு பேசிக்கலாம்." இது போதும். அந்த நொடியே திருப்பியிருப்பேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. இருபது நிமிடம் ஆனபோது நிமிர்ந்து பார்த்தேன். கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு குனிந்து நோட்டில் ஏதோ எழுதினார். கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். அதன்பின் அவர் தலை நிமிரவேயில்லை.

ஒன்பது முப்பத்தொன்பதுக்குச் சாவியைப் போட்டுத் திருப்பினேன். ஒரே நொடியில் ஓடியது, நல்ல மெஷின். சிலிண்டரும் அதே நேரத்துக்குத்தான் மேலே போய்ச் சேர்ந்ததாம். டீனா அழுத சத்தம் ஜெனரேட்டர் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.

புகார் கொடுத்திருக்கிற ரொனால்ட் சார், டீச்சரின் தம்பி, சாமான்களை எடுக்க வருவதற்கு முன்பே அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். இதோ. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். "9.04 கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் சத்தம் இல்லை. பொன்ராஜ் கீழே நிற்கிறான்." அதற்குக் கீழே நிமிடத்துக்கு ஒரு கோடு, ஐந்து ஐந்தாகக் கட்டி. கடைசிக் கட்டுகளில் கோடுகள் சாய்ந்திருக்கின்றன, ஆனால் எண்ணலாம். நான் நாலு தடவை எண்ணிவிட்டேன்.

ஆறு கட்டு முப்பது, தனியாக மூன்று. மொத்தம் முப்பத்துமூன்று. நான் நின்றது முப்பத்தைந்து நிமிடம். கணக்கு டீச்சர் கூட்டலில் தப்பு விடுவாரா மேடம்? ஏழு மாதமாக ஒரு பைசா இறங்காத அம்மா, கடைசியில் எனக்கு இரண்டு நிமிடம் தள்ளிக்கொடுத்திருக்கிறார்.