தாராவிப் பையனின் இடது முட்டி

பிள்ளைகளே, செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இருவர். கல்லூரிக் கபடி ஆட்டங்களைப் பார்த்து, சம்பளம் கொடுக்கும் பெரிய அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“அண்ணாச்சி, தாராவி இசக்கி ஏக்தம், அப்படியே பாறைல்லா! கணுக்காலப் பிடிச்சான்னா ஒரு பயலும் நகர முடியல.”

“பிடிக்கத எல்லாரும்தான் பாப்பாவ. அவுட்டாகி வெளிய உக்காந்தப்பம் பாத்தியா? இடது கால மடக்கவே இல்ல. நீட்டியே வச்சிருந்தான்.”

“முட்டியா?”

“ஆமா. ரெண்டு சீசன் தாங்கும். பொறவு படி ஏறவே கஷ்டப்படுவான்.”

“அப்பம் வேண்டாம்னு சொல்லிருவமா?”

“எதுக்குல? நமக்கு ரெண்டு சீசன் போதும்.”

“அவன்ட்டயாவது சொல்லலாம்லா, அண்ணாச்சி? இப்பமே வைத்தியம் பாத்தா சரியாயிரும்.”

“வைத்தியம் பாத்தா இந்த வருசம் யாரு ஆடுவா? ஒங்கப்பனா?”

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர் போனை எடுத்தார். குரல் அப்படியே கனிந்துவிட்டது.

“யாரு, இசக்கி அம்மாவா? எக்கா, நல்ல சேதி. ஒங்க பையன நம்ம டீம்ல எடுத்தாச்சு. கவலப்படாதிய, இனிமே அவன நாங்க பாத்துக்கிடுதோம்.”