கரடி விழும் காட்சி

கரடியை வரைவது சுலபம், சார்ஜென்ட். மூன்று வட்டம் போட்டால் பாதிக் கரடி வந்துவிடும். அதை விழவைப்பதுதான் கஷ்டம்.

தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடும் கார்ட்டூன்களை வரைகிறவர்கள் நாங்கள். இந்த முறை கரடி காற்றாலை உச்சியிலிருந்து விழ வேண்டும். நான் வரைந்ததை டைரக்டர் கிரேடி ஓட்டிப் பார்த்தார். எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னார்.

“இது கரடியா, தலகாணியா? எடையே இல்லையேப்பா. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணு, வெண்டெல். இல்லன்னா சீன் ஆர்வில் கைக்குப் போயிடும்.”

ஆர்வில் என் உதவியாள். நான் முக்கியமான நிலைகளை வரைவேன். இடையில் வரும் படங்களை அவன் நிரப்புவான். சீன் அவனிடம் போனால் நான் அவனுக்கு நிரப்ப வேண்டியிருக்கும். அதனால் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். சீன் வேண்டாம் என்று அவனே வந்து சொல்லிவிட்டான்.

“உன் கரடிய நான் எதுக்கு மேய்க்கணும்? நான் விழுந்து காட்டுறேன், பாத்து வரைஞ்சுக்க. தொப்பையும் எனக்குத்தான் இருக்கு.”

இது எங்கள் பழக்கம். ஓட்டமோ தும்மலோ, ஒருவர் நடித்துக் காட்டுவார், மற்றவர் வரைவார். சனிக்கிழமை மதியம், எல்லோரும் போன பிறகு அவன் ஸ்டூடியோ மொட்டை மாடியில் ஏறினான். கீழே சிமெண்ட் தரையில் பழைய மெத்தைகளை அடுக்கியிருந்தோம். முதுகைக் காட்டி நின்று பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். சிரித்துக்கொண்டே எழுந்து மறுபடி ஏறினான். மறுபடி விழுந்தான்.

வரைந்ததைப் பார்த்தேன். அதே தலையணை. மெத்தை இருப்பது உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த உடம்பு எடையைக் காட்டாது.

அடுத்த முறை அவன் படியேறும்போது மெத்தைகளை இழுத்து ஓரமாகப் போட்டேன்.

“ரெடியா?” என்றான், திரும்பாமல்.

“நான் ரெடி” என்றேன். அது உண்மை. பென்சில் கையில் இருந்தது.

அவன் சாய்ந்து, இனி நிமிர முடியாது என்ற நிலை வந்ததும், “ஆர்வில், மெத்தை இல்ல” என்றேன். சொல்லாமல் விட்டிருந்தால் முகம் கிடைத்திருக்காது.

முதலில் வரைந்து முடித்தேன். இதெல்லாம் ஞாபகத்திலிருந்து சீக்கிரம் கலைந்துவிடும். பிறகு மெத்தைகளை, அவன் தவறிப்போய் விழுந்ததுபோல் இருக்கட்டும் என்று, கொஞ்சம் தள்ளி அடுக்கினேன். அதன் பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அதுவரை அவனுக்கு மூச்சு இருந்தது.

திங்கட்கிழமை கிரேடி ஓட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்பதான்யா எடை வந்திருக்கு. அவன் பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பான்.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

படம் வந்ததும் பாருங்கள், சார்ஜென்ட். விழுவதற்கு முன் கரடி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும். கீழே ஒன்றுமில்லை என்று புரிந்துகொள்ளும். நம்மைப் பார்த்துக் கையசைக்கும். நிஜத்தில் ஆர்விலுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடைக்கவில்லை. அந்த இடத்தை நானாகச் சேர்த்தேன். நண்பனுக்கு இதுகூடச் செய்யாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.